என் தந்தையின் பெயரில் இருந்த பணம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தேரடிக்குச் சற்று முன்பாக, ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து என் புகைப்படம் தொங்குகிறது. பள்ளிச் சீருடையில், இரட்டைச் சடையுடன் இருக்கிறேன். எனக்குப் பின்னால் சுதந்திர தேவி சிலை. "அமெரிக்காவில் இடம் பிடித்த எங்கள் மாணவி முத்துகௌரி! அடுத்தது நீங்கள்தான்!" என்று கீழே அச்சிட்டிருக்கிறார்கள். அதை இறக்கச் சொல்லி அந்த வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்துக்கு இருமுறை எழுத்து மூலம் தெரிவித்தேன். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் என்னிடம் இருக்கிறது. படம் இன்னும் இறங்கவில்லை. நானும் இன்னும் அமெரிக்கா போகவில்லை.

விவரம் கேட்பவர்களெல்லாம் கடைசியில் என் தந்தை உச்சிமாகாளியைத்தான் குறை சொல்கிறார்கள். படிக்காத மனிதர், மகளின் படிப்பைக் கெடுத்துவிட்டார் என்கிறார்கள். அவர் செய்தது தவறுதான். ஆனால் அது படிப்பில்லாததால் வந்த தவறு என்பதை நான் ஏற்க மாட்டேன். முப்பது ஆண்டுகள் எந்த வழக்கத்தால் பிழைத்தாரோ, அதே வழக்கத்தால் அதைச் செய்தார். அதனால் அவருடைய கடையிலிருந்துதான் இதைச் சொல்லத் தொடங்க வேண்டும்.

அப்பா திசையன்விளைப் பக்கத்திலிருந்து சிறு வயதில் வண்ணாரப்பேட்டைக்கு, ஓர் உறவினர் கடையில் வேலைக்கு வந்தவர். திருமணத்துக்குப் பிறகு காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே சொந்தமாக மளிகைக் கடை போட்டார். எங்கள் கடைக்கு வீட்டுக்காரர்களைவிடப் படகுக்காரர்கள் அதிகம். விசைப்படகு ஒருமுறை கடலுக்குப் போனால் திரும்பி வரப் பல நாளாகும். அத்தனை நாளுக்கும் வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், பீடிக்கட்டு வரை கடனாக ஏற்றி விடுவோம். மீன் ஏலம் போன பிறகு பணம் வரும். அப்பாவுக்கு அரிசி கொடுக்கும் மண்டிக்காரரும் அப்படித்தான் கடனாகக் கொடுக்கிறார். யாரும் யாருக்கும் பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை. இந்த ஆளிடம் இருக்கிறது என்ற நம்பிக்கை ஒன்றில்தான் எல்லாம் ஓடுகிறது.

ஆகவே "இல்லை" என்ற சொல் எங்கள் கடையில் கிடையாது. துவரம் பருப்பு தீர்ந்திருந்தால் "நாளைக்குக் காலைல வந்துரும்" என்றுதான் அப்பா சொல்வார். பின்சுவரின் மேல்தட்டில் பிஸ்கட் பெட்டிகளும் சோப்புப் பெட்டிகளும் முகப்பு தெரிய அடுக்கியிருக்கும். பாதிக்கு மேல் காலிப் பெட்டிகள். வாரம் ஒருமுறை அவற்றைத் துடைத்து மறுபடி அடுக்குவது சிறு வயதிலிருந்து என் வேலை.

"காலிப் பெட்டிய எதுக்குப்பா தொடைக்கணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏட்டி, கடைக்குள்ள இருக்கவனுக்குத்தான் அது காலி. தெருவுல நிக்கவனுக்கு அது கடை" என்றார்.

இந்த நம்பிக்கைக்கு இன்னொரு தூணும் இருந்தது. எங்கள் பகுதி வியாபாரிகள் சங்கத்துக்கு அப்பா பொருளாளர். ஒவ்வொரு கடைக்காரரும் இறக்கும் மூட்டைக் கணக்குக்கு ஒரு சிறு தொகையை மகமை என்று ஒதுக்குவார்கள். அது சேர்ந்து, யார் கடையாவது தீப்பிடித்தால், யாருக்காவது அறுவைச் சிகிச்சை என்றால், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்று போகும். சங்கம் பதிவு செய்யப்படாதது. அதனால் அந்தப் பணத்தை நம்பிக்கையான ஒருவர் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு வைப்பது பழைய வழக்கம். கடந்த பல ஆண்டுகளாக அந்தப் பெயர் உச்சிமாகாளி. அதில் ஒரு ரூபாயைக்கூட அவர் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதை எங்கள் பணமாக நினைத்ததும் இல்லை.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது, கடைக்கு வந்த ஒருவர் கையில் கறுப்பாக எண்ணெய் படிந்த வலை ஒன்று இருந்தது. எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரத்தில் வீசிய வலை. எந்தச் சோப்புக்குப் போகும் என்று கேட்டார். எங்களிடம் இருந்த எதற்கும் அது போகவில்லை. நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வேதியியலைப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்று வந்தது. எங்கே படிப்பது என்று தேடத் தொடங்கியபோது, யாரும் சொல்லித்தராத ஒன்றைத் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் கட்டணம் குறைவாகப் போட்டிருக்கும் கல்லூரி எங்களைப் போன்றவர்களுக்கு மலிவான கல்லூரி ஆகாது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணம் குறைவு. ஆனால் வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகை அநேகமாகக் கிடையாது. பெயர் கேள்விப்படாத சிற்றூர்களில், கட்டணத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும்படி போட்டிருக்கும் சில சிறு கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றிடம் பழைய மாணவர்கள் விட்டுச்சென்ற பெரும் நிதி இருக்கிறது. ஒரு மாணவரைச் சேர்த்துக்கொண்டால், அந்தக் குடும்பத்தால் உண்மையில் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிட்டு, மீதியை அவர்களே ஏற்கிறார்கள். சில கல்லூரிகளில் உதவி கேட்டாலே இடம் கிடைக்கும் வாய்ப்பு குறையும். அதையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கைகளில், வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு பகுதி உண்டு. அதை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் என் பட்டியலைச் சுருக்கினேன்.

அப்பா இடையில் என்னைத் தேரடி ஆலோசனை நிறுவனத்துக்கு அழைத்துச் சென்றார். அதை நடத்துபவர் நீலமேகம். குளிரூட்டிய அறை, சுவர் முழுதும் கொடிகள்.

"அண்ணாச்சி, பாப்பாவுக்கு ஸ்காலர்ஷிப்போட சீட் நான் கியாரண்டி" என்று ஒரு கல்லூரியின் வண்ணத் தாளை நீட்டினார்.

நான் வாங்கிப் பார்த்தேன். வெளியே வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "அந்த ஸ்காலர்ஷிப் கட்டணத்துல பத்துல ஒரு பங்குகூட இல்லப்பா. மிச்சம் நாமதான் கட்டணும். விலைய ஏத்தி ஒட்டிட்டுத் தள்ளுபடின்னு எழுதியிருக்காங்க."

அப்பா சிரித்தார். "அப்போ நம்ம ஆளுதான்."

அத்துடன் அவரை விட்டுவிட்டோம் என்று நினைத்தேன்.

உதவித்தொகைப் படிவத்தை நானே நிரப்பினேன். குடும்ப வருமானம், கடை, வீடு, வங்கியில் இருப்பு என்று நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள். இருந்ததை இருந்தபடி எழுதினேன். சங்கப் பணத்தை எழுதவில்லை. அது எங்களுடையது அல்ல. முடித்ததும் அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"இதெல்லாம் வெளிய எழுதணுமா? எவனோ ஒருத்தன்ட்டப் போயி, எங்கிட்ட ஒண்ணும் இல்லன்னு?"

"இல்லங்கிறதுக்குத்தாம்பா அவங்க குடுக்கிறாங்க."

"இல்லாதவனுக்கு எவன்ட்டி குடுப்பான்?" என்றார். அவர் அறிந்த உலகில் அது நியாயமான கேள்வி.

ஆனால் கொடுத்தார்கள். மார்ச் மாதம் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய கல்லூரியிலிருந்து சேர்க்கைக் கடிதமும் உதவித்தொகைக் கடிதமும் வந்தன. படிப்பு, விடுதி, உணவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. விமானச் சீட்டும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையும் எங்கள் பங்கு. நகர்ப்புறத்துக்கு வெளியே உள்ள தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் எனக்குக் கேட்ட கட்டணத்தைவிட அந்தப் பங்கு குறைவு. அப்பா கடையில் எல்லாருக்கும் கல்கண்டு கொடுத்தார். படகில் பங்கு வைத்திருக்கும் கோவிந்தம்மா ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு, "இன்னா அண்ணாச்சி, அமெரிக்காக்கே மளிக போடப் போறியா?" என்று கேலி செய்தார்.

விசாவுக்கான ஆவணத்தைத் தயாரிக்க, எங்கள் பங்கான அந்தச் சிறு தொகை வங்கியில் இருப்பதற்குச் சான்று அனுப்பச் சொல்லிக் கல்லூரி கேட்டது. அவ்வளவுதான் கேட்டது. என்னிடம் சொல்லாமல் அப்பா நீலமேகத்திடம் போய் யோசனை கேட்டிருக்கிறார். விசா விஷயம் பெரியது, அனுபவம் உள்ளவர் பார்க்கட்டும் என்று நினைத்திருக்கிறார். எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமாகக் காட்டுகிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது என்று நீலமேகம் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அது புதிய யோசனையே அல்ல. காலிப் பெட்டியைத் துடைத்து வைப்பவர் அவர். வங்கியில் கடன் வரம்பு வாங்கும்போது ஆடிட்டர் எழுதிக் கொடுக்கும் சொத்து மதிப்புச் சான்றிதழ் ஒன்று உண்டு. அதே மாதிரி ஒன்றை வாங்கினார். அவர் பெயரில் இருந்த எல்லாம் அதில் இருந்தன. சங்கத்தின் வைப்புத்தொகைதான் முதல் வரி. அதை நீலமேகம் "எங்கள் மாணவி" என்று குறிப்பிட்டு, தம் நிறுவனத்தின் பெயரில் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார். அன்று மாலையே என்னிடம் ஒரு புகைப்படமும் கேட்டு வாங்கிக்கொண்டார். கோப்புக்கு என்றார்.

நான்கு நாளில் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. என் படிவத்தில் சொல்லப்படாத பெருந்தொகை ஒன்று என் தந்தையின் பெயரில் இருப்பது தெரியவந்துள்ளது, ஆகவே உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது, விளக்கம் தரவும். மரியாதையான வாசகங்கள்தான். ஆனால் பொருள் ஒன்றே. நான் பொய் எழுதியிருக்கிறேன்.

கடையில் அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவருக்குப் புரியவேயில்லை.

"நெறைய இருக்குன்னு காட்டினா எதுக்குக் கோவப்படுதாங்க?"

"அப்பா, நான் இல்லன்னு எழுதினேன். நீங்க இருக்குன்னு அனுப்பிட்டீங்க. ரெண்டுல ஒண்ணு பொய்தானே?"

நீலமேகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். "நான் என்னம்மா பண்ணட்டும், அப்பா குடுத்த டாக்குமெண்டைத்தானே அனுப்பினேன்?" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

இனிக் கல்லூரிக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று நீலமேகத்துக்கு எழுதிவிட்டு, மகமை என்றால் என்ன என்று இரண்டு பக்க விளக்கம் எழுதினேன். கல்லூரி ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தது. அந்தப் பணம் குடும்பத்துடையது அல்ல என்று சங்கம் எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டும், உறுப்பினர்கள் கையொப்பமிட வேண்டும், ஏப்ரல் முடிவதற்குள் வர வேண்டும், அதற்குமேல் அந்த நிதியை வைத்திருக்க இயலாது என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தையும் நானே தட்டச்சு செய்தேன். கையொப்பம் மட்டும் பாக்கி.

சங்கம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும். முதல் ஞாயிறு அப்பா கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அப்படியே திரும்பி வந்தார். "இன்னிக்கு ஆளு கொறச்சல்" என்றார். அடுத்த ஞாயிறு, "கொடைப் பேச்சே முடியல" என்றார். அதற்கடுத்த வாரம் திரும்பி வந்ததும் கடிதத்தை எடுத்துத் தராசுக்கு அடியில் வைத்தார்.

அம்மாதான் எனக்கு விளக்கினார். "அவங்களுக்கு அந்தப் பணம் இவருது இல்லன்னு தெரியாதா என்ன? நல்லாத் தெரியும். இவருகிட்ட வேற எதுவும் இல்லங்கிறதுதான் தெரியாது. அதச் சொல்ல வாய் வரல."

எனக்குக் கோபம் தணியவில்லை. ஓர் ஆண்டாக நான் உழைத்ததெல்லாம் அவர் வாயைத் திறக்காததால் போய்க்கொண்டிருந்தது. ஒரு கூட்டத்தில் நின்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதற்கு அவர் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிறு, தராசுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே சங்கக் கட்டடத்துக்குப் போனேன். பெண்கள் அங்கே போகும் வழக்கம் இல்லை. வாசலில் நின்றேன். தலைவர் சண்முகவேல் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எங்களுக்கு அரிசி கடன் கொடுக்கும் மண்டிக்காரர் அவர்தான்.

"என்ன உச்சி, புள்ள வந்து நிக்கி?"

அப்பா எழுந்தார். துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டார்.

"சங்கப் பணம் என் பேர்ல கெடக்குல்லா. அது என்னுது இல்லன்னு ஒரு எழுத்து வேணும். காலேஜ்ல கேக்காங்க."

யாரோ சிரித்தார்கள். "உம்மதுன்னு இங்க எவன்யா சொன்னான்?"

"எழுத்துன்னு குடுத்தா நாளைக்கு இன்கம்டாக்ஸ்காரன் வந்து நிப்பானே" என்றார் இன்னொருவர்.

சண்முகவேல் அண்ணாச்சி கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். "பொறுங்கய்யா. ஏன் உச்சி, அந்தப் பணம் போனா என்ன? உன் சொந்தப் பணத்தக் காட்டிப் புள்ளைய அனுப்ப வேண்டியதுதானே?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "எனக்குன்னு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கடையில இருக்கிற சரக்குதான். அதுலயும் பாதி நீங்க போட்ட அரிசி."

கடிதம் கைமாறிச் சுற்றி வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், வருமான வரிக்குப் பயந்தவர் உட்பட. அதே கூட்டத்தில், இனிப் பணத்தை இரண்டு பேர் பெயரில் வைக்கலாம் என்றும் முடிவு செய்தார்கள். அந்த இரண்டு பெயர்களில் அப்பாவின் பெயர் இல்லை. யாரும் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் அப்பாவுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

கடிதத்தை அன்றே அனுப்பினேன். கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. பதில் வர ஒரு வாரம் ஆனது. விளக்கத்தை முழுமையாக ஏற்கிறோம், உங்கள் நேர்மையில் எங்களுக்கு எந்த ஐயமும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆனால் இடைப்பட்ட வாரங்களில், காத்திருப்போர் பட்டியலில் இருந்த வேறொருவருக்கு உதவி தேவைப்பட்டதால், நிறுத்தி வைத்த தொகையின் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. மீதியைத் தர முடியும். சேர்க்கை செல்லும். பற்றாக்குறையைக் குடும்பம் ஏற்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியாவிட்டால் அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம். உறுதி ஏதும் தர இயலாது.

ஏப்ரல் முடியும்வரை வைத்திருப்பதாக அவர்களே எழுதிய மின்னஞ்சலை இணைத்து முறையிட்டேன். வருந்துகிறோம் என்றார்கள். சேர இயலாது என்று நானே பதில் எழுதினேன்.

அந்த வாரம் அரிசி லாரி வந்தது. எப்போதும் மூட்டையை இறக்கிவிட்டுச் சீட்டை நீட்டும் ஓட்டுநர், இம்முறை இறக்காமல் நின்றார்.

"அண்ணாச்சி, தப்பா நெனச்சுக்காதீங்க. மொதலாளி இந்தத் தடவ ரொக்கமா வாங்கினு வரச் சொன்னாரு."

அப்பா கல்லாவைத் திறந்து பார்த்தார். பிறகு, "பாதி மூட்ட எறக்கு" என்றார். அவரிடம் கோபமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பல நாளாக வைத்திருந்தேன். அன்று அதைச் சொல்ல முடியவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

நீலமேகத்தின் பதாகை அடுத்த மாதம் ஏறியது. அப்பா நேரில் போய்க் கேட்டார். "அண்ணாச்சி, பாப்பாவுக்கு சீட் கெடச்சது உண்மையா இல்லையா?" என்றாராம் நீலமேகம். அப்பா திரும்பி வந்துவிட்டார்.

இப்போது இங்கே ஒரு கல்லூரியில் இளநிலை வேதியியல் சேர்ந்திருக்கிறேன். பேருந்தில் தினமும் என் படத்தைக் கடந்துதான் போகிறேன். வெயிலில் சுதந்திர தேவி வெளுத்துவிட்டாள். நான் இன்னும் தெளிவாகத் தெரிகிறேன். இங்கே கல்லூரியில் சேர்ந்துவிட்ட என்னை முதலாண்டு மாணவியாகவே மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் கல்லூரிகளைத் தேடிக் கேட்டு, அவற்றுக்கு மட்டும் விண்ணப்பித்திருக்கிறேன். படிவத்தை நிரப்பியபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் நான் தமிழில் சொல்லக் கேட்டார். தந்தையின் பெயரில் வங்கியில் உள்ள சேமிப்பு என்ற இடத்தில் நான் அவரைப் பார்த்தேன்.

"பாத்துட்டு இருக்காத, எழுது" என்றார்.

முடிவு மார்ச்சில்தான் தெரியும். போன வாரம் கோவிந்தம்மா படகுக்குச் சாமான் எடுக்க வந்திருந்தார். நான் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா அண்ணாச்சி, தேரடியாண்ட பொண்ணு அமெரிக்கா போயாச்சுன்னு போஸ்டரு தொங்கிகினு கீது. இங்க பாத்தா அரிசி நிறுத்துகினு கீதே? எப்பத்தான் போவுது?"

போன ஆண்டு முழுதும் இந்தக் கேள்விக்கு அப்பா, "விசா வேல நடந்துக்கிட்டு இருக்கு" என்றுதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இம்முறை பொட்டலம் கட்டிய நூலைப் பல்லால் அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்கிட்ட துட்டு இல்லம்மா. அந்தக் காலேஜ்காரங்க குடுத்தாத்தான் போவா."

கோவிந்தம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட, இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா நைனா?"

அப்பா அடுத்த பொட்டலத்துக்குக் காகிதத்தைக் கிழித்தார்.